மீர் சுல்தான் கான்

மீர் சுல்தான் கான் (1903 - ஏப்ரல் 25, 1966) பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாப் மாகாணத்தைச் சேர்ந்த சதுரங்க ஆட்டக்காரர் ஆவார். 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானிய சதுரங்க வாகையர் பட்டத்தை வென்றார். 1930, 1931, 1933 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாடுகளில் இங்கிலாந்து அணியின் முதற் பலகையில் ஆடினார். இவரது பன்னாட்டு ஆட்ட வாழ்க்கை முழுவதும் 1929ஆம் ஆண்டின் வசந்த காலத்துக்கும் 1933 டிசம்பருக்கும் இடையில் அடங்கிவிடுகிறது. ஐந்து ஆண்டுகள்கூட நிறையாத அக்காலப் பகுதியில் உலகின் முதற் பத்து ஆட்டக்காரர்களுள் ஒருவராக இவர் மதிக்கப்பட்டார். விசுவநாதன் ஆனந்த் தோன்றுவதற்கு முன் இந்தியத் துணைக்கண்டம் கண்ட மிகச் சிறந்த சதுரங்க வீரர் இவரே எனலாம்.

பெயரில் உள்ள சுல்தான் என்பது அரச பட்டம் அன்று. அது இவருடைய இயற்பெயரின் ஒரு பகுதி. ஐரோப்பாவில் சிலர் இவரை ஓர் அரசர் என்றே எண்ணியதுண்டு. உண்மையில் பட்டமும் செல்வமும் உடையவராக இருந்தவர் இவரை அங்கு அழைத்துச் சென்ற சர் உமர் அயாத் கான் திவானா என்னும் நிலக்கிழார் ஆவார்.

இளமைக் காலம்

சுல்தான் கான் இன்று பாகிஸ்தானில் உள்ள மித்தா திவானா என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் பழைய சர்கோதா வட்டாரத்தைச் சேர்ந்தது. பழைய நூல்கள் சில இவரது பிறந்த ஆண்டை 1905 எனக் குறிப்பிடுகின்றன. தந்தையார் மியான் நிசாம் தீன். சமயத் தொடர்புடைய குடும்பம். ஒன்பது வயதளவில் தந்தையாரிடமே சதுரங்கம் கற்றார். இருபத்தொரு வயதில் பஞ்சாபின் மிக வலிமையான ஆட்டக்காரர் என்ற பெயர் இவருக்கு ஏற்பட்டிருந்தது.

அவர் கற்றது இன்று உலகெங்கும் ஆடப்படும் சதுரங்கம் அன்று என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். இந்தியாவில் வழங்கிய விதிகள் வேறு. அவை ஊருக்கு ஊர் சிறிது மாறுபட்டாலும் பொதுவான கூறுகள் சில இருந்தன. காலாள் தன் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் செல்ல முடியாது. எப்போதும் ஒரு கட்டம்தான். கோட்டை கட்டுதல் என்ற நகர்த்தல் இல்லை. அதற்கு ஈடாக, அரசன் ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாண்டலாம்; அதற்கு முன் முற்றுகைக்கு உள்ளாகியிருந்தால் அந்த உரிமை போய்விடும். பலகையின் கடைசி வரிசையை அடையும் காலாள் விரும்பியபடி அரசியாக மாறுவதில்லை. எந்த நிரலில் ஏறுகிறதோ அந்த நிரலுக்கு உரிய காயாகவே மாறும்.

இவ்விதிகளின் விளைவு எளிதில் விளங்கும். ஆட்டம் மெதுவாகத் தொடங்கும். முதல் பத்துப் பதினைந்து நகர்த்தல்களில் இரு படைகளும் ஒன்றை ஒன்று தொடுவதே அரிது. ஆகவே ஐரோப்பாவில் நூல் நூலாக எழுதப்பட்ட தொடக்க ஆட்டக் கோட்பாடுகளுக்கு இங்கு இடமில்லை. மாறாக, காய்களைப் பொறுமையாக நகர்த்தி இடம் பிடிப்பதும், காய்கள் குறைந்த இறுதிக் கட்டத்தில் துல்லியமாகக் கணக்கிடுவதும் இங்கு வளர்ந்தன. சுல்தான் கானின் பலமும் பலவீனமும் இந்த ஒரே ஊற்றிலிருந்து வந்தவை.

இந்தியரின் இந்த ஆட்டமுறை ஐரோப்பியருக்கு முற்றிலும் புதிதன்று. திருவேங்கடாச்சாரி சாத்திரி என்பவரின் சதுரங்க நூல் 1814இல் பம்பாயில் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் மகேசசந்திர பானர்சி என்ற வங்காளி, சான் காக்ரேன் என்ற சிறந்த ஆட்டக்காரருடன் பல ஆட்டங்கள் ஆடினார். காலாட்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, அமைச்சரைப் பக்கவாட்டிலிருந்து ஏவும் அவரது முறையினாலேயே இன்றும் ஒரு பெரும் தொடக்க ஆட்டக் குடும்பம் இந்தியத் தற்காப்பு எனப்படுகிறது.

சர் உமர் அயாத் கான்

சர் உமர் அயாத் கான் திவானா பஞ்சாபின் பெரும் நிலக்கிழார்களுள் ஒருவர். முதலாம் உலகப் போரில் பணியாற்றிய படை அதிகாரி. பிரித்தானிய ஆட்சிக்கு உறுதியாகத் துணைநின்றவர். இவருடைய மகன் கிசிர் அயாத் கான் பின்னாளில், 1942 முதல் 1947 வரை, பஞ்சாபின் பிரதமராக இருந்தார். குதிரைகளிலும் வேட்டை நாய்களிலும் வல்லூறுகளிலும் விருப்பம் கொண்டிருந்த சர் உமருக்குச் சதுரங்கத்திலும் ஈடுபாடு இருந்தது.

அவர் சுல்தான் கானைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டு, உதவித்தொகையும் உணவும் உறைவிடமும் அளித்தார். ஐரோப்பிய விதிகளைக் கற்பதற்கும் ஏற்பாடு செய்தார். இந்திய முறையில் பழகிய கைக்குப் புதிய விதிகள் பழகச் சில ஆண்டுகளே தேவைப்பட்டன. 1928இல் நடந்த அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் ஒன்பது ஆட்டங்களில் எட்டில் வென்று, ஒன்றைச் சமன் செய்து, ஒன்றிலும் தோற்காமல் முதலிடம் பெற்றார். 1929 வசந்த காலத்தில் சர் உமர் இலண்டன் சென்றபோது இவரையும் உடன் அழைத்துச் சென்றார்.

இலண்டனில்

இலண்டனில் இவருக்குப் பயிற்சியாக ஒரு சிறு போட்டி ஏற்பாடு செய்யப்பட்டது. அதில் இவர் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார். தொடக்க ஆட்டங்களை அறியாமையே காரணம். வலுவான நிலைக்கு வருமுன்னரே ஆட்டம் கை நழுவிவிடும்.

அப்போட்டியில் ஆடிய பிரெடரிக் யேட்ஸ், வில்லியம் வின்டர் என்ற இருவரும் அதன் பின் இவருக்குப் பயிற்சி அளித்தனர். இவ்விருவரைப் பற்றியும் சில சொற்கள் சொல்வது தகும். யேட்ஸ் ஆறு முறை பிரித்தானிய வாகையர். ஆயினும் சதுரங்கத்தையும் சதுரங்க எழுத்தையும் நம்பி வாழ்ந்ததால் வறுமை நீங்காதவர். 1932 நவம்பரில் இலண்டனில் தம் அறையில் எரிவளிக் கசிவினால் இறந்தார். வின்டர் பொதுவுடைமைக் கொள்கையாளர். அரசுக்கு எதிராகப் பேசியதற்காகச் சிறை சென்றவர். பேரரசின் நம்பிக்கைக்குரிய ஒரு நிலக்கிழாரின் ஆட்டக்காரருக்கு இத்தகைய ஒருவர் ஆசிரியராக அமைந்தது சதுரங்க உலகில்தான் நடக்கக்கூடியது. இன்னொன்றும் உண்டு: இந்த ஆசிரியர்கள் இருவரும் போட்டிகளில் இவருடைய எதிராளிகளும் ஆவர்.

1929 கோடையில் ராம்ஸ்கேட் நகரில் பிரித்தானிய வாகையர் போட்டி நடைபெற்றது. பேரரசின் குடிமகன் என்ற முறையில் சுல்தான் கானுக்கு அதில் ஆட உரிமை இருந்தது. சில மாதங்களுக்கு முன் கடைசி இடம் பெற்றவரிடமிருந்து எவரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. சுல்தான் கான் முதலிடம் பெற்றார்.

பட்டம் பெற்ற சில மாதங்களிலேயே சர் உமருடன் இந்தியா திரும்பினார். ஐரோப்பாவில் புகழ் தொடங்கிய வேளையில் ஐரோப்பாவை விட்டு நீங்கவேண்டியிருந்தது. எப்போது ஆடுவது, எங்கு ஆடுவது, எப்போது நிறுத்துவது என்ற முடிவுகள் இவர் கையில் இல்லை என்பதற்கு இது முதல் சான்று. 1930 ஏப்ரலில் இராசாசியின் தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் நோக்கி நடந்தார்கள். அதற்கு அடுத்த மாதம் சுல்தான் கான் மீண்டும் இங்கிலாந்தில் இருந்தார். அவ்வாண்டே இங்கிலாந்து அணியின் முதற் பலகையில் அமர்ந்தார். இந்தியா முழுவதும் ஆங்கில ஆட்சியை எதிர்த்து எழுந்திருந்த ஆண்டில் ஓர் இந்தியர் இங்கிலாந்துக்காக ஆடியது பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதற்கு எழுத்துச் சான்று ஏதும் கிடைப்பதில்லை. அவரிடம் எவரும் அதைக் கேட்டதாகவும் தெரியவில்லை.

ஐரோப்பியப் போட்டிகள்

1930இல் பெல்சியத்தின் லியேச் நகரில் நடந்த போட்டியில் சவியெலி தார்த்தகோவருக்கு அடுத்ததாக இரண்டாமிடம் பெற்றார். ஆரன் நிம்சோவிச் போன்றோர் இவருக்குப் பின்னால் நின்றனர். அதே ஆண்டு ஆம்பர்க் ஒலிம்பியாடில் ஒன்பது வெற்றி, நான்கு சமன், நான்கு தோல்வி. முதற் பலகையில் ஆடுபவர் ஒவ்வொரு நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரரையும் நாள்தோறும் சந்திக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் மதிப்பு விளங்கும்.

ஆண்டு இறுதியில் தொடங்கிய 1930-31 ஏசுடிங்சு போட்டியில், பின்னாளில் உலக வாகையரான மாக்ஸ் இயூவே முதலாவதாகவும், முன்னாள் உலக வாகையர் ஒசே ரவூல் கப்பாபிளாங்கா இரண்டாவதாகவும், சுல்தான் கான் மூன்றாவதாகவும் வந்தனர். ஆனால் இப்போட்டி இன்றும் நினைக்கப்படுவது தரவரிசைக்காக அன்று. சுல்தான் கான் கப்பாபிளாங்காவை வென்ற ஒரே ஓர் ஆட்டத்துக்காகவே.

கப்பாபிளாங்கா தோற்பது அரிது. 1916 முதல் 1924 வரை எட்டு ஆண்டுகள் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் இருந்தவர் அவர். இறுதியாட்டத்தில் அவருக்கு இணை இல்லை என்பது அக்காலத்தவரின் பொதுக் கருத்து. இந்த ஆட்டத்தில் சுல்தான் கான் வெள்ளைக் காய்களை ஆடினார். கப்பாபிளாங்கா கையாண்ட தொடக்கம் அரசிப் பக்க இந்தியத் தற்காப்பு எனப்படுவது. இந்தியர் ஒருவருக்கு எதிராக இந்தியத் தற்காப்பு; அந்தப் பெயருக்குக் காரணமான பழைய ஆட்டமுறையிலேயே வளர்ந்தவருக்கு அது அந்நியமான நிலமாக இருந்திருக்காது.

இருபதாம் நகர்த்தலையொட்டிக் கப்பாபிளாங்கா தம் இரண்டு கோட்டைகளையும் எதிரியின் எல்லைக்குள் செலுத்தினார். இருபத்து நான்காம் நகர்த்தல் முடிந்தபோது சுல்தான் கான் தம் அரசியை இழந்திருந்தார். ஈடாக எதிராளியின் இரு கோட்டைகளும் அவர் கைக்கு வந்திருந்தன. கணக்கில் இரு பக்கமும் ஏறக்குறையச் சமம். தனித்து நிற்கும் அரசி நாற்புறமும் விரைந்து தாக்கவல்லது என்பதால் பலர் கப்பாபிளாங்காவின் பக்கத்தையே விரும்புவர். ஆனால் நிலை மூடியிருந்தது. காலாட்கள் ஒன்றை ஒன்று பூட்டி நின்றன. கருப்பு அரசிக்கு நுழைய வழியில்லை. அடுத்த நாற்பது நகர்த்தல்களில் அவசரமான நகர்த்தல் ஒன்றுகூட இல்லை. சுல்தான் கானின் அரசன் நடுப்பலகையிலிருந்து மெல்ல நடந்து இடப்பக்க மூலைக்குச் சென்று ஒதுங்குகிறது. காலாட்கள் ஒவ்வொரு கட்டமாக முன்னேறுகின்றன. கருப்பு அரசி பலகையின் மறுபுறத்தில் இரண்டு மூன்று கட்டங்களுக்கு இடையே போய்ப்போய் வருகிறது. கடைசியில் கோட்டைகள் உள்ளே புகுந்தன. அவற்றின் துணையோடு ஒரு காலாள் ஆறாம் வரிசையை எட்டியது. அறுபத்தைந்தாம் நகர்த்தலில் கப்பாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார். இந்தியச் சதுரங்கம் கற்பித்த பொறுமை என்ன செய்யும் என்பதைக் காண விரும்புவோர் இந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்து ஆடிப் பார்க்கலாம்.

1931இல் தார்த்தகோவருடன் பன்னிரண்டு ஆட்டங்கள் கொண்ட நேர்ப்போட்டி நடந்தது. நான்கு வெற்றி, ஐந்து சமன், மூன்று தோல்வியுடன் சுல்தான் கான் வென்றார். அவ்வாண்டு பிராக் ஒலிம்பியாடு இவரது வாழ்க்கையின் மிகச் சிறந்த போட்டி எனக் கருதப்படுகிறது. பதினேழு ஆட்டங்களில் எட்டு வெற்றி, ஏழு சமன், இரண்டே தோல்வி. வென்றவர்களுள் சாலோ புளோர், அகிபா ரூபின்ஸ்டைன் ஆகியோர் அடங்குவர். அப்போதைய உலக வாகையர் அலெக்சாந்தர் அலேகினுடன் சமன் செய்தார்.

1932 இலண்டன் போட்டியில் அலேகின், புளோர் ஆகியோருக்கு அடுத்ததாக அமெரிக்கர் ஐசாக் காஷ்டானுடன் மூன்றாமிடத்தைப் பகிர்ந்தார். அதே ஆண்டு பேர்ன் போட்டியில் பத்து வெற்றி, இரண்டு சமன், மூன்று தோல்வியுடன் நான்காமிடம். புளோருடன் ஆடிய ஆறு ஆட்ட நேர்ப்போட்டியில் ஒரு புள்ளி வேறுபாட்டில் தோற்றார். பிரித்தானியப் பட்டத்தை 1932இல் இலண்டனிலும் 1933இல் ஏசுடிங்சிலும் மீண்டும் வென்றார்.

ஆட்டப் பாணியும் உடல்நிலையும்

இவரது தொடக்க ஆட்டம் கடைசி வரை குறைபாடு உடையதாகவே இருந்தது. வலுக்குறைந்த நிலையிலிருந்து நடு ஆட்டத்தில் மெல்ல மீண்டு, இறுதி ஆட்டத்தில் வெல்வது இவர் வழக்கம். இதனால் இவருடைய ஆட்டங்கள் நீண்டவை. ஒவ்வொரு புள்ளிக்கும் மற்றவர்களைவிட அதிகம் உழைக்க வேண்டியிருந்தது என்றும் கொள்ளலாம். பிறந்த நாள் முதல் ஐரோப்பிய விதிகளிலேயே வளர்ந்து, நூல்களைப் படித்து வந்தவர்களோடு, அவ்விதிகளைக் கற்றுச் சில ஆண்டுகளே ஆன ஒருவர் இவ்வாறு ஆடியது மேதைமையே என்று கப்பாபிளாங்கா பின்னர் எழுதினார். சதுரங்கக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்த டேவிட் ஊப்பர், கென்னத் வைல்டு ஆகியோர், இயல்பான ஆற்றலை மட்டும் கொண்டு பார்த்தால் இக்காலத்தில் இவருக்கு நிகர் எவரும் இல்லாதிருக்கலாம் என்று கருதினர். பிற்காலத்தில் அர்பாத் ஏலோ பழைய ஆட்டக்காரர்களுக்குக் கணித்த தரப்புள்ளிகளில் சுல்தான் கானுக்கு 2530 கிடைத்தது.

இங்கிலாந்தின் ஈரமும் குளிரும் இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலேரியாவும் சளிக்காய்ச்சலும் தொண்டை நோயும் மாறிமாறி வருத்தின. கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு பலகையின் முன் வந்து அமர்வது பலமுறை நிகழ்ந்தது. கும்பகோணத்திலிருந்து கேம்பிரிட்சு சென்ற கணிதமேதை இராமானுசனின் நிலையும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதுவே. இருவரையும் ஒப்பிடுவோர் பலர்; ஒரு வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இராமானுசனை அழைத்தவர்கள் அவருடைய கணிதத்தை அறிந்த கணித அறிஞர்கள். அவர் அரச கழகத்தின் உறுப்பினராகவும் ஆக்கப்பட்டார். சுல்தான் கானுக்கு அத்தகைய நிலையான இடம் எதுவும் இங்கிலாந்தில் கிடைக்கவில்லை.

ஆங்கிலம் மிகக் குறைவாகவே அறிந்திருந்ததால் இவர் பேசியவை அரிதாகவே பதிவாகியுள்ளன. ஒலிம்பியாடு ஒன்றில் ஆத்திரிய வீரர் ஆன்சு குமோக் இவரிடம் மூன்று முறை சமன் செய்துகொள்ளலாமா எனக் கேட்டும் புன்னகை மட்டுமே விடையாகக் கிடைத்தது. உங்கள் வீரர் எந்த மொழி பேசுவார் என்று குமோக் கேட்க, சதுரங்கம் பேசுவார் என்று தாம் மறுமொழி கூறியதாகவும், சில நகர்த்தல்களில் குமோக் தோற்றதாகவும் வின்டர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

பணியாளர் என்ற செய்தி

1933இல் போக்ஸ்டன் நகரில் நடந்த ஒலிம்பியாடில் அமெரிக்க அணி முதலிடம் பெற்றது. அதன் பின் சர் உமர் அமெரிக்கர்களைத் தம் இலண்டன் இல்லத்துக்கு விருந்துக்கு அழைத்தார். அவ்வணியின் இளம் உறுப்பினரான ரூபன் பைன் பின்னாளில் எழுதியது இது: விருந்தளிப்பவர், தாம் வழக்கமாகத் தம் வேட்டை நாய்களோடு மட்டுமே உரையாடுவதாகச் சொல்லி வரவேற்றார், பின்னர் உணவு பரிமாற வந்தவரைப் பார்த்தபோது அது சுல்தான் கான். தாங்கள் பலகையில் மதிப்புடன் எதிர்கொண்ட ஒரு மாபெரும் ஆட்டக்காரர் தங்களுக்குப் பரிமாறியது அவர்களைத் திகைக்கச் செய்தது.

இந்த ஒரு நிகழ்ச்சி சுல்தான் கானைப் பற்றிய எழுத்துகள் அனைத்திலும் பரவியது. படிப்பறிவில்லாத பணியாள் ஒருவர் உலக மேதைகளை வென்ற கதையாக அவர் வாழ்க்கை சொல்லப்படலாயிற்று. 2020இல் ஆங்கில கிராண்ட்மாஸ்டர் டேனியல் கிங் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறும் தலைப்பிலேயே இவரைப் பணியாளர் என்று குறிப்பிட்டது.

சுல்தான் கானின் குடும்பத்தினர் இதனை மறுத்துள்ளனர். அவர் அவான் குலத்தைச் சேர்ந்த, நிலமும் சமய மதிப்பும் உள்ள குடும்பத்தில் பிறந்தவர் என்றும், எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்றும், சர் உமரின் வீட்டு வேலைக்காரராக அன்றி உதவித்தொகை பெறும் சதுரங்க வீரராகவே அவரிடம் சேர்ந்தார் என்றும் அவர்கள் எழுதினர். ஐரோப்பியருக்குக் கிழக்கு நாட்டுக் கதைகளின் மீதுள்ள ஆசையே இச்சித்திரத்தை உருவாக்கியது என்பது அவர்கள் வாதம்.

இவ்வாதத்தில் நியாயம் உண்டு. பைன் கண்டது ஒரு மாலைப் பொழுதை மட்டும். பஞ்சாபின் பெருங்குடி வீடுகளில் விருந்தினருக்குப் பரிமாறுவது எப்போதும் வேலையாளின் செயல் அன்று என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. எனினும் மறுபக்கமும் உண்டு. பணியாளர் என்ற சொல்லை நீக்கினாலும், சுல்தான் கானின் வரவும் செலவும் சர் உமரின் விருப்பத்தைச் சார்ந்தே இருந்தன என்பதை நீக்க முடியாது. வறுமையில் வாழ்ந்தாலும் யேட்சுக்கு எந்தப் போட்டியில் ஆடுவது என்பதைத் தாமே முடிவுசெய்யும் உரிமை இருந்தது. மூன்று முறை வாகையரான சுல்தான் கானுக்கு அது இருந்ததாகத் தெரியவில்லை.

சர் உமரின் இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா என்ற இளம்பெண்ணும் இங்கு குறிப்பிடத்தக்கவர். அவர் 1933இல் பிரித்தானியப் பெண்கள் பட்டத்தைப் பதினோரு ஆட்டங்களில் பத்து வெற்றி, ஒரு சமன் என்ற கணக்கில், அடுத்தவரைவிட மூன்று புள்ளிகள் மிகுதியாகப் பெற்று வென்றார். ஒரே ஆண்டில் ஆண், பெண் பட்டங்கள் இரண்டும் ஒரே வீட்டுக்குச் சென்றன. அவருடைய போட்டி வாழ்க்கையும் அவ்வாண்டோடு முடிந்தது.

நாடு திரும்புதல்

1933 டிசம்பரில் சர் உமர் இந்தியா திரும்பினார். சுல்தான் கானும் உடன் திரும்பினார். அப்போது அவருக்கு வயது முப்பது. சதுரங்க வீரர் ஒருவரின் ஆற்றல் முதிரும் வயது அது. 1935இல் வி. கே. காடில்கருடன் பத்து ஆட்டங்கள் ஆடி, ஒன்றை மட்டும் சமன் செய்து மற்றவற்றை வென்றார். அதன் பின் ஐரோப்பியச் சதுரங்க உலகம் அவரைக் காணவில்லை. நாடு திரும்பியது சிறையிலிருந்து விடுபட்டது போல் இருந்ததாக அவர் உணர்ந்தார் என்று கூறப்படுகிறது. எனவே அவர் வாழ்க்கையை வாய்ப்பு மறுக்கப்பட்ட ஒருவரின் கதையாக மட்டும் படிப்பது பொருந்தாது.

சர் உமர் 1944இல் இறந்தார். 1947இல் நாடு பிரிந்தபோது சர்கோதா பாகிஸ்தானின் பகுதியானது. சுல்தான் கான் தம் ஊர்ப்பக்கத்தில் வேளாண்மை செய்து குடும்பத்துடன் வாழ்ந்தார். பிள்ளைகளுக்குச் சதுரங்கம் பயிற்றுவிக்க அவர் உடன்படவில்லை; பயனுள்ள வேறு ஏதேனும் செய்யுமாறு சொல்வார் என அவருடைய மகன் நினைவுகூர்ந்துள்ளார். ஏப்ரல் 25, 1966 அன்று சர்கோதாவில் காசநோயால் காலமானார்.

கிராண்ட்மாஸ்டர் பட்டம்

உலக சதுரங்கக் கூட்டமைப்பு 1950இல் முதன்முறையாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியது. இருபத்தேழு பேர் அப்பட்டியலில் இருந்தனர். நடப்பு ஆட்டக்காரர்கள் மட்டுமன்றிப் பழைய சாதனைகளுக்காகப் பட்டம் பெற்றவர்களும் இருந்தனர். 1930களின் தொடக்கத்திலேயே ஆட்டத்தை விட்ட ரூபின்ஸ்டைன் பெற்றார். சுல்தான் கான் நேர்ப்போட்டியில் வென்ற தார்த்தகோவரும் பெற்றார். சுல்தான் கான் அப்போது உயிருடன் இருந்தார். அதன் பின் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார். கிராண்ட்மாஸ்டர் பட்டமோ பன்னாட்டு மாஸ்டர் பட்டமோ அவருக்கு வழங்கப்படவில்லை. 1926இல் ஆட்டத்தை விட்ட மெக்சிகோ வீரர் கார்லோசு டோரேவுக்கு 1977இல் பட்டம் வழங்கியபோதும் சுல்தான் கானின் பெயர் எழவில்லை.

இதற்கிடையில் துணைக்கண்டத்தின் சதுரங்க வரலாறு அவரை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. தமிழ்நாட்டின் மானுவல் ஆரோன் 1961இல் பன்னாட்டு மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். சுல்தான் கான் மூன்று முறை வென்ற பிரித்தானியப் பட்டத்தை 2002இல் சென்னையின் ஆர். பி. ரமேசும், 2003இல் அபிசித் குந்தேயும் வென்றனர். அதன் பின் அப்போட்டியில் ஆடும் உரிமை பிரித்தானியாவையும் அயர்லாந்தையும் சேர்ந்தோருக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது.

2024 பிப்ரவரியில் உலக சதுரங்கக் கூட்டமைப்பு சுல்தான் கானுக்கு மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை வழங்கியது. கூட்டமைப்பின் தலைவர் அர்காடி துவோர்க்கோவிச் அதனைப் பாகிஸ்தானின் அப்போதைய இடைக்காலப் பிரதமர் அன்வர் உல் அக் காக்கரிடம் கையளித்தார். பாகிஸ்தான் பெற்ற முதல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் இதுவாகும். ஆனால் சுல்தான் கான் பாகிஸ்தானுக்காகப் பன்னாட்டுப் போட்டி எதிலும் ஆடியதில்லை. இந்திய அணி என ஒன்றில் ஒலிம்பியாடு ஆடியதும் இல்லை. அவர் ஆடிய மூன்று ஒலிம்பியாடுகளும் இங்கிலாந்தின் கணக்கிலேயே பதிவாகியுள்ளன.